அவன் உள்ளே வரும்போது யாரும் எழுந்திருக்க வேண்டாம்

கண்ணு,

அம்மாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதே. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றும், 'ழ' போடச் சொன்னால் நடுங்கும். கவரை நான் ஒட்டவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் ஒட்டாமல் விட்டேன். நீ படித்த பிறகு உன்னோடு வேலை பார்க்கிற டீச்சர்கள் படிக்கட்டும். உன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீயே வாசித்துக் காட்டினாலும் சரி. உங்கப்பா எட்டிப் பார்த்து, "என்ன, உம்பட பையனுக்குக் கடுதாசியா? கேலி பண்ணி எழுதறயாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வாய்க்கே அப்படி ஒரு நிலைமை வந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்.

தீபாவளிக்கு வந்தாயே, அன்று காலை முறுக்குத் தட்டோடு உட்கார்ந்து உன் வகுப்புக் கதையைச் சொன்னாய். "எங்க கிளாசுல ஒருத்தன்மா, தோட்டங்காட்டுக்குள்ள இருந்து வாரான். தெனமும் லேட்டு. திட்டிப் பாத்தேன், வெளிய நிக்க வெச்சுப் பாத்தேன், ஒண்ணும் நடக்குல. இப்ப ஒரு வைத்தியம் கண்டுபுடிச்சிருக்கேன். அவன் வாசல்ல காலு வெச்சதும் மொத்தக் கிளாசும் எந்திரிச்சு நிக்கோணும். 'வணக்கமுங்க கலெக்டர் ஐயா'ன்னு கும்புடோணும். நாலே நாளு. பையன் நேரத்துக்கு வந்துபோட்டான்." எழுந்து நின்று அந்தப் பையன் முழிக்கிற முழியையும் நடித்துக் காட்டினாய். உங்கப்பாவே சிரித்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். சிரித்ததோடு விட்டேனா? கையைத் தட்டி, "ஏண்டா, கலெக்டருக்குக் காரு வேண்டாமா? ஒருத்தன ட்ரைவரா வுட்டுக் கதவத் தொறக்கச் சொல்லு" என்றேன். நீ தொடையில் தட்டிக்கொண்டு, "அட, இது நல்லாருக்குதே! திங்கக்கெழம இதையும் சேத்திப்போடறேன்" என்றாய். நான் சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனேன். கரண்டியை எடுத்தேன். எண்ணெய் காய்ந்து புகைந்தது. கரண்டியோடு அப்படியே நின்றேன். வாசல். எழுந்து நிற்பது. கும்பிடுவது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீயும் பார்த்திருக்கிறாய். பார்த்த இருவரும் கூடத்தில் உட்கார்ந்து மறுபடியும் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் சொல்கிறேன், கவரைத் திறக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா? பத்து வருஷத்துக்கு முன்னால் நீ எட்டாம் வகுப்பு. நாம் அப்போதும் கணபதியில்தான் இருந்தோம், அதே சந்து, அதே வைண்டிங் கடை. ஆறு பெண்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை பம்ப் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவோம். கைக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. அதனால் வாய்க்கு நான் வேலை கொடுத்தேன். முதலாளி வழுக்கைத் தலை மினுங்குவதால் அவருக்கு வார்னிஷ் என்று பேர். உங்கப்பா மௌனசாமி. இப்படிப் பேர் வைப்பதில் எனக்கு ஒரு பெருமை. கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர்களுக்கு ஒரு பேர் வைத்து, கூட இருக்கிறவர்களைச் சிரிக்க வைத்துத்தான் உள்ளே விடுவேன். நம் ஊரில் கேலியைக்கூட மரியாதையாகத்தான் செய்வோம். வாங்க, போங்க என்று 'ங்க' போட்டுக் குத்தினால் ரத்தம் தெரியாது. அந்தக் கடைக்கு அந்த ஆனியில் புதிதாக வந்தவள் சரசு. சென்னிமலையிலிருந்து வந்தவள், புருஷன் இல்லை, ஒரே பையன். அந்தப் பையன்தான் குமரேசன். அப்பா படுத்த படுக்கையானபோது இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெட்ஷீட் தறியில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது மறுபடியும் எட்டாம் வகுப்பில், உன் வகுப்பில் சேர்த்திருந்தாள். பதினைந்து வயது, நெடுநெடுவென்று வளர்த்தி, மேல் உதட்டில் லேசாகக் கருப்பு. அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தவன் வாசலில் தயங்கி நின்றான். நான் விடுவேனா? ஸ்டூலிலிருந்து எழுந்து கையைக் கூப்பி, "வாங்க மாப்பிள்ளே, வாங்க! பொண்ணு எந்தூருங்க? பொண்ணூட்ல பந்தி போட்டாச்சுங்களா?" என்றேன். மூன்று தடவை கையைத் தட்டினேன். மற்ற நாலு பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். சரசுவும் சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள், சிரிக்காமல் என்ன செய்வாள்? நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒரு ஐப்பசி மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. நான் ஓடி வந்தபோது நீ சட்டையெல்லாம் ரத்தமாகத் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தாய். முன் பல் பாதிதான் இருந்தது. குமரேசன் ஒரே குத்து குத்தியிருக்கிறான். பெற்ற வயிறு, கண்ணு. என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. "தறிக்காரன் கைங்க அது! இத்தாச்சோட்டு வளந்த ஆள எட்டாவதுல உக்கார வெச்சா இப்படித்தானுங்க! இவன் இருந்தா என்ர பையன் இருக்க மாட்டான்" என்று தலைமையாசிரியர் அறையில் கத்தினேன். சரசு ஓரமாக நின்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குமரேசனும் ஏன் அடித்தேன் என்று சொல்லவில்லை. கேட்கக் கேட்கத் தரையைப் பார்த்தான். அதற்கு முன்பே இரண்டு பையன்களைப் பிடித்துத் தள்ளியிருக்கிறானாம், பெஞ்சை உதைத்திருக்கிறானாம். கோபக்காரன், முரடன், டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. டி.சி. கொடுத்துவிட்டால் அவனுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது, பதினைந்து வயதுப் பையனை நடு வருஷத்தில் எவன் சேர்த்துக்கொள்வான்? நேரே பட்டறைதான். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே தலையை ஆட்டினேன்.

உங்கள் கணக்கு டீச்சர்தான் குறுக்கே வந்தார். "இவன அனுப்பிப்போட்டா சண்டை போயிருமுங்களா, ஐயா? யாருக்கும் காரணமே தெரியாம சண்டை இங்கயேதானுங்க இருக்கும். எனக்கு நாலு வெள்ளிக்கிழமை குடுங்க" என்றார். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் பேசவிடுகிற முறை ஒன்றை எங்கோ பயிற்சிக்குப் போனபோது கற்று வந்தாராம். நாலு வரை பொறுக்க முடியாது, மூன்றாம் வெள்ளி முடிந்து திங்கட்கிழமை நான் முடிவு செய்துவிடுவேன் என்றார் தலைமையாசிரியர். எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கினார் டீச்சர். நீ, குமரேசன், உன்னோடு சேர்ந்து சிரிக்கிற இரண்டு பேர், எதையும் கண்டுகொள்ளாத இரண்டு பேர், வாசல் பக்கம் உட்காருகிற இரண்டு பெண் பிள்ளைகள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார வேண்டும், டீச்சரும் தரையில்தான். கரும்பலகை துடைக்கிற டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லையே, இனிக் கணக்குக்குப் பதிலா பஜனையாக்கும்?" என்றேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை தரையில் சாக்பீசால் பள்ளிக்கூடத்தை வரைந்து, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எந்த இடத்துக்குப் போனால் உங்களுக்கு வயிறு கலங்குகிறதோ அங்கே வையுங்கள் என்றாராம். நீ தலைமையாசிரியர் அறையில் நாலு வைத்தாய், கக்கூஸ் பக்கம் ஆறு வைத்தாய். குமரேசன் பத்தையும் எட்டாம் வகுப்பின் வாசலில் குவித்து வைத்தான். அதைச் சொல்லும்போது நீ சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாய், ஒரு வாய் வைக்கவில்லை. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். "வாசல்ல என்ன பேயா இருக்குது?" என்று கேலிதான் பேசினேன்.

மூன்றாம் வெள்ளிக்கு என்னையும் சரசுவையும் வரச் சொன்னார் டீச்சர். நாங்களும் சேலையை இழுத்துக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்தோம். "வாசல்ல தெனமும் என்ன நடக்குதோ, அப்படியே நடிச்சுக் காட்டுங்க. ஆனா ஆளு மாத்தி" என்றார். உன் கையில் குமரேசனின் பையைக் கொடுத்து, "நீதான் இப்ப குமரேசன். வெளிய போயிட்டு உள்ள வா" என்றார். குமரேசன் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீ சிரித்துக்கொண்டே போனாய். வாசலில் கால் வைத்தாய். ஆறு பிள்ளைகளும் சடாரென்று எழுந்து நின்று கையைக் கூப்பினார்கள். முன்னால் நின்றது ஒரு சின்னப் பெண், ரெட்டைச் சடை, அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. அவள் இடுப்பில் ஒரு கையை வைத்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "வாங்க மாப்பிள்ளே, வாங்க! பொண்ணு எந்தூருங்க? பொண்ணூட்ல பந்தி போட்டாச்சுங்களா?" மூன்று தடவை கையைத் தட்டினாள். என் குரல், கண்ணு. 'பந்தி'யில் நான் இழுக்கிற இழுப்பு, என் இடுப்பு, என் கைதட்டல். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் வாயில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் சாக்பீஸ் தூளை விபூதியாக உன் நெற்றியில் பூசினான். இன்னொருத்தன் கிழிந்த நோட்டுத் தாளைக் கோத்துச் செய்த மாலையைப் பெஞ்சுக்கடியிலிருந்து எடுத்துப் போட்டான். அது அன்று செய்தது இல்லை, பழையது, கசங்கியது. தினமும் போட்டிருக்கிறார்கள். நாலு மாசம். டீச்சர் உன்னைப் பார்த்து, "இன்னொரு தடவ வா" என்றார். இரண்டாம் தடவை நீ சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாய். "டீச்சர், நா உள்ள வரலீங்க" என்றாய். குமரேசன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தான்.

இந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்டார். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்றார். டஸ்டர் சுற்றி வந்தது. ரெட்டைச் சடைக்காரி இன்னாரிடம் கற்றேன் என்றாள், அவன் இன்னொருத்தனைச் சொன்னான், அவன் உன்னைச் சொன்னான். டஸ்டர் உன் கைக்கு வந்தது. நீ என்னைப் பார்த்தாய். நீ பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து, "யாருகிட்டயும் கேக்கல டீச்சர். நானேதான்" என்றாய். டஸ்டர் குமரேசன் கைக்குப் போயிற்று. அவனுக்குத் தெரியும், அவன் முகத்துக்கு நேராகத்தானே சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான், பேசாமல் டஸ்டரை அடுத்த ஆளிடம் தள்ளினான். சரசு கையிலும் வந்தது. அவளும் தள்ளினாள். பிறகு என் கையில் வந்தது. ஊரையே சிரிக்க வைக்கிற வாய். உன் ஆத்தாளுக்காக நீ பதிமூன்று வயதில் ஒரு பொய் சொன்னாய், அந்தப் பொய்யின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். டஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை கடையில் சரசு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி சுற்றினாள். காப்பர் கம்பியின் எனாமல் பூச்சு ஒரு இடத்தில் நகம் பட்டுக் கீறினாலும் கண்ணுக்குத் தெரியாது. காயிலும் அழகாக இருக்கும், மோட்டாரும் ஓடும். பாரம் ஏறுகிற அன்றைக்குத்தான் புகையும். அப்போது எல்லாரும் மோட்டாரைத்தான் திட்டுவார்கள். அன்று நான் கட்டிய காயில் மூன்றையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் மேசை மேல் டி.சி. எழுதி வைத்திருந்தது. நான் போய், "ஐயா, அந்தக் கேலிய ஆரம்பிச்சது நானுங்க. என்ர பையன் இல்லீங்க. நாஞ் சொன்னதத்தான் அவன் இங்க வந்து சொல்லிப்போட்டான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார். "ஏம்மா, தமாசுக்குச் சொன்னதுக்கெல்லாம் இப்படியா?" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நிஜம் பேசப் போனேன், அதற்கும் சிரிப்புத்தான் கிடைத்தது. "சிரிக்காதீங்க ஐயா. அந்தப் பையன் நாலு மாசம் இந்த வாசல்ல நொழைய முடியாம செத்துப் பொழைச்சிருக்கான். அவன அனுப்புனீங்கன்னா என்ர பையனையும் அனுப்போணும், என்னயும் சேத்தித்தான் அனுப்போணும்" என்றேன். அடிபட்டவன் ஆத்தாளே வேண்டாம் என்கிறபோது அவர் என்ன செய்வார்? தாளைக் கிழித்துப் போட்டார். கடைக்கு வந்து சரசுவிடம் சொன்னேன். அவள் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியுமுங்க அக்கா. மொத நாள்ல இருந்தே தெரியும். நீங்க சொல்லுவீங்களா மாட்டீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நாலாம் வெள்ளிக்கு நான் வரவில்லை, வேலை இருக்கிறது என்று சாக்குச் சொன்னேன். நீ வந்துதான் சொன்னாய். கோபம் வரும்போது உடம்பில் என்ன ஆகிறது என்று டீச்சர் கேட்டாராம். "மொதல்ல காது சூடாகுமுங்க. அப்பறம் எதும் கேக்காதுங்க" என்றானாம் குமரேசன். காது சூடானால் யாரையும் கேட்காமல் எழுந்து குழாயடிக்குப் போகலாம், கூட ஒருத்தர் பேசாமல் போய் நிற்க வேண்டும் என்று எட்டுப் பேரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள். கூடப் போகிறவன் நீ என்று நீயே கையைத் தூக்கினாய். அந்த வருஷம் பாதி உன் வகுப்பே குழாயடியில்தான் நடந்தது என்று கேலி பேசியிருக்கிறேன், அதையும் மன்னித்துவிடு. கடைசியாக, உனக்கு இவர்களிடமிருந்து என்ன வேண்டும் என்று டீச்சர் கேட்டதற்கு அவன் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. "நா உள்ள வாரப்ப யாரும் எந்திரிக்காதீங்கடா. 'வாடா'ன்னு மட்டும் கூப்புடுங்க, போதும்" என்றானாம்.

போன ஆவணியில் சென்னிமலையில் அவன் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போனோமே. ஊரே அவனை மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. நிஜ மாலை, நிஜப் பந்தி. என் வாயில் மட்டும் அந்த வார்த்தை வரவில்லை. மணவறைக்குப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மென்று விழுங்கினேன். அவன்தான் குனிந்து, "என்னுங்க அத்தை, இன்னிக்கு வாயே தொறக்கறதில்ல?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தான். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய், அந்தப் பாதிப் பல் தெரிந்தது. அதற்கு இரண்டு மாசம் கழித்து நீ ஒரு பையனை வாசலில் வைத்துக் கும்பிடச் சொல்லியிருக்கிறாய். அவன் நேரத்துக்கு வருகிறான் என்று சொன்னாயே, காட்டுக்குள் எத்தனை மணிக்கு எழுந்து ஓடி வருகிறான் என்று கேட்டாயா? யாருக்குப் பயந்து ஓடி வருகிறான்?

நீ கெட்டவன் இல்லை, கண்ணு. குழாயடியில் போய் நின்றவன் நீ. ஆனால் உன் வாயில் நான் இருக்கிறேன். அது எனக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. திங்கட்கிழமை காருக்கு டிரைவர் வைக்காதே. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளு. தரையில் உட்கார், நாற்காலி வேண்டாம். அந்தப் பையன் வரும்போது ஒருத்தரும் எழுந்திருக்க வேண்டாம். வாடா என்று கூப்பிடு, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. தீபாவளி அன்று முழுக்கச் சிரித்தோமே தவிர, அவன் பேர் என்ன என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை, உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் பெருந்துறைக் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற குமரேசனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டாத கவர், வழியில் அவன் படித்திருந்தாலும் படித்திருப்பான். அன்று டஸ்டரைக் கீழே வைத்தவள் இன்றைக்குத்தான் எடுத்திருக்கிறேன். உன் வகுப்பில் டஸ்டர் சுற்றி வரும், கடைசியில் உன் கைக்கு வரும். சார், இதை நீங்கள் யாரிடம் கற்றீர்கள் என்று ஏதாவது ஒரு ரெட்டைச் சடைக்காரி கேட்பாள். இந்தத் தடவை 'நானேதான்' என்று சொல்லாதே. என் பேரைச் சொல்.

உன் அம்மா